அடங்குவதும் சரியாவதும்

"அடங்கிருச்சு தம்பி. ஆனா சரியாயிருச்சுன்னு நான் சொல்லமாட்டேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு ஈசூன் தொழிற்பேட்டையில் தன் பட்டறை வாசலில் என் பழைய ஜீப்பை நிறுத்திவிட்டு அவர் இதைச் சொன்னார். இறங்கியவர் நேராக முன் இடது சக்கரத்தின் அருகே போய்க் குத்தவைத்து, விளிம்பில் புறங்கையை வைத்துச் சூடு பார்த்தார். நாலு நாள் வேலைக்குப் பணம் கட்டியிருந்த எனக்கு எரிச்சலாக வந்தது. அடங்குவதற்கும் சரியாவதற்கும் என்ன வித்தியாசம்? நடுங்கின வண்டி இப்போது நடுங்கவில்லை. இதற்குமேல் ஒரு வண்டியிடம் வேறென்ன கேட்க முடியும்?

அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் முழுப் பதில் கிடைக்கவில்லை. கிடைத்தவரை எழுதிப் பார்க்கிறேன்.

வண்டியின் கம்பெனிப் பெயர் வேண்டாம். 2008இல் பதிவான ஜப்பானிய வண்டி. முந்தைய உரிமையாளர் 2018இல் சிஓஇயைப் பத்தாண்டுக்குப் புதுப்பித்திருந்தார். முன்சக்கரங்கள் இரண்டையும் ஒரே இரும்பு அச்சு இணைக்கும் வகை; பின்பக்கமும் அப்படியே. பள்ளம் மேடு உள்ள காட்டுப்பாதைக்கு அதுதான் தோது. சிங்கப்பூரில் காட்டுப்பாதை எங்கே என்று கேட்காதீர்கள். நான் வாங்கியதற்குக் காரணம் அதன் முகம் எனக்குப் பிடித்தது, அவ்வளவுதான்.

முதல் நடுக்கம் சிலேத்தார் விரைவுச்சாலையில் வந்தது. பக்கத்தில் அம்மா. வேகம் எழுபத்தைந்து இருக்கும். மேம்பாலத்தில் இரண்டு பலகங்கள் சேரும் இடத்து இரும்பு இணைப்பின்மேல் ஏறி இறங்கினோம். ஸ்டியரிங் என் கையில் இடதும் வலதுமாக உதறத் தொடங்கியது. ஒரு நொடி லேசாக, அடுத்த நொடி பிடிக்க முடியாத அளவுக்கு. டாஷ்போர்டு முழுக்கத் தடதடவென்று ஆடியது. அம்மா மேலே இருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "முருகா, முருகா" என்றார். காலை எடுத்து, வேகம் ஐம்பதுக்கு இறங்கியதும் எல்லாம் சட்டென்று நின்றுபோனது. எதுவுமே நடக்காததுபோல. இந்த நோயின் மோசமான குணமே அதுதான். ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தால் வண்டி பச்சைப்பிள்ளை மாதிரி நிற்கும்.

ஒற்றை அச்சு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு இந்த ஆட்டம் நன்றாகத் தெரியும். ஆங்கிலத்தில் இதற்குச் சாவு ஆட்டம் என்று பொருள்படும் பெயரே உண்டு. உங்களுக்கும் தெரியும், வேறு வடிவில். சூப்பர்மார்க்கெட் தள்ளுவண்டியை வேகமாகத் தள்ளினால் ஒரு முன்சக்கரம் மட்டும் படபடவென்று அடித்துக்கொள்ளுமே, அதேதான். திரும்பக்கூடிய சக்கரம், அதைத் தாங்கும் இடத்தில் கொஞ்சம் தளர்வு, ஒரு குறிப்பிட்ட வேகம், ஒரு சின்ன இடி. இவை சேர்ந்தால் ஆட்டம் தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும்.

நான் முதலில் போனது வேறொரு பட்டறைக்கு. பத்து நிமிடம் பார்த்துவிட்டு ஸ்டியரிங் டாம்பரை மாற்றச் சொன்னார்கள். ஸ்டியரிங் தண்டின் குறுக்கே படுத்திருக்கும் ஒரு சின்ன ஷாக் அப்சார்பர் அது. கதவு படாரென்று சாத்தாமல் இருக்க மேலே ஒன்றைப் பொருத்துவார்களே, அந்த மாதிரி. பழையதைக் கழற்றிவிட்டு அதைவிடத் தடிமனான ஒன்றைப் போட்டார்கள். ஒரு மணி நேர வேலை. நடுக்கம் போய்விட்டது. பெருமையாக இருந்தது, இருக்கிற செலவிலேயே சின்னச் செலவில் முடிந்ததே என்று.

டாம்பர் தவறான பொருள் இல்லை, சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ராங்லர் ஜீப்புகளில் இதே ஆட்டம் பெரிய பேச்சானபோது, 2019இல் அந்த நிறுவனம் புது வடிவ டாம்பரை மாற்றிக்கொடுத்தது. ஒற்றை அச்சு உள்ள எந்த வண்டிக்கும் இது வரக்கூடியதுதான் என்பது அவர்கள் பக்கம். அதே ஆண்டு வழக்கும் போனது. டாம்பர் நோயை மூடிவைக்கிறது, தீர்க்கவில்லை என்பது வண்டி வைத்திருந்தவர்கள் பக்கம். இரண்டு பக்கமும் ஒரே பொருளைப் பார்த்துத்தான் பேசினார்கள். ஒருவருக்கு அது மருந்து, இன்னொருவருக்குத் திரை.

என் வண்டியில் அந்தத் திரை நாலு மாதம் தாங்கியது. அந்த நாலு மாதத்தில் ஒரு பள்ளி விடுமுறையில் நண்பன் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு கோத்தா திங்கி போய்வந்தேன். அவன் முன்னால், அவன் மனைவியும் ஆறு வயது மகளும் பின்னால். போக வர ஒரு சிணுங்கல்கூட இல்லை. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். பாலத்து இணைப்புகள் வந்தபோதெல்லாம் நான் ஸ்டியரிங்கைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன். பேச்சை நிறுத்தினேன். எழுபதைத் தாண்டாமல் ஓட்டினேன். அவன் "என்னடா மாட்டுவண்டி மாதிரி ஓட்டுற" என்று கிண்டல் செய்தபோது, "இந்த வண்டி இப்படித்தான் ஓட்டணும்" என்றேன். என் கை சந்தேகப்பட்டது. வாயும் மனசும் வண்டி சரியாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தன.

பிறகு பிரேக் தொடங்கியது. எண்பதில் போகும்போது பிரேக்கை அழுத்தினால் பெடல் காலுக்குக் கீழே துடித்தது, ஸ்டியரிங் நடுங்கியது. ஒருநாள் லென்டோர் பக்கம் இறங்கும்போது பிரேக் நடுக்கத்தில் ஆரம்பித்து, பழைய ஆட்டம் டாம்பரையும் மீறிக் கிளம்பியது. அன்றைக்குத்தான் இந்த அண்ணனிடம் வந்தேன்.

அறந்தாங்கிப் பக்கத்துக்காரர். பட்டறை தொழிற்பேட்டையில், புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயம் இருக்கும் அதே வட்டாரத்தில். பெரும்பாலும் லாரி வேலைதான் செய்வார். நான் போனதும் அவசரமாக, "எல்லாத்தையும் மொத்தமா மாத்திடுங்கண்ணே. டிஸ்க், பேட், பேரிங், டயரு, எல்லாம்" என்றேன்.

"மாத்தலாம். நடுக்கம் நின்னுரும்னுதான் நினைக்கிறேன். ஆனா எது காரணம்னு உங்களுக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. திரும்ப வந்தா எங்கேருந்து ஆரம்பிக்கறது?"

ஒவ்வொன்றாகத்தான் பார்ப்பேன் என்றார். முதலில் கேள்விகள். வண்டி நிற்கும்போது எஞ்சினை முடுக்கினால் நடுக்கம் உண்டா? இல்லை. அப்படியானால் எஞ்சின் இல்லை. கியரை நியூட்ரலில் போட்டு உருளவிட்டாலும் இருக்கா? இருக்கு. அப்படியானால் சுற்றுகிற பொருளில்தான். சீட்டில் தெரியுதா, ஸ்டியரிங்கிலா? ஸ்டியரிங்கில். அப்போ முன்பக்கம். உதறலா, ஊங்காரமா? இந்தக் கடைசிக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது, வீட்டுக்குப் போய்க் கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் டயரின் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். 75 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்குப் பத்துமுறை சுற்றும். அடியில் ஓடும் பிராப்ஷாஃப்ட் அதைப்போல் சுமார் நாலு மடங்கு, அதாவது நொடிக்கு நாற்பது. பத்தை நம் கை உதறலாக உணரும். நாற்பதை உடம்பும் காதும் ஊங்காரமாக உணரும். அவர் இந்தக் கணக்கைப் போட்டதில்லை. முப்பது வருடமாகக் கைவைத்துப் பார்த்ததில் வந்தது அது.

பிறகு ஜாக்கி. முன் இடது சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். லேசான டொக். என்னை உள்ளே ஏறி பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். மறுபடி ஆட்டினார். மறுபடி டொக். "வீல் பேரிங் இல்ல" என்றார். எப்படித் தெரிந்தது? பிரேக் பிடித்தால் டிஸ்க்கும் அதைத் தாங்கும் இரும்பும் ஒன்றாக இறுகிவிடும்; வீல் பேரிங்கின் தளர்வு அப்போது தெரியாமல் போகும். பிரேக் பிடித்தும் ஆட்டம் இருந்தால் தளர்வு அதற்கும் உள்ளே, சக்கரம் இடம் வலம் திரும்பும் அச்சில். கிங்பின் பேரிங் என்பார்கள். கதவுக்கு மேல் கீல், கீழ்க் கீல் இருப்பதுபோல மேலே ஒன்று கீழே ஒன்று. பிரேக்கைப் பற்றிக் குறைசொல்ல வந்த எனக்கு, அந்த பிரேக்கையே கருவியாக வைத்து இன்னொரு நோயைக் கண்டுபிடித்ததைப் பார்த்தபோது, நல்ல துப்பறியும் கதை படித்த மகிழ்ச்சி. ஸ்டியரிங் தண்டைக் கழற்றிவிட்டு, மீன் நிறுக்கிற கொக்கித் தராசு போன்ற ஒன்றால் இழுத்துப் பார்த்தார். திருப்ப எவ்வளவு விசை வேண்டும் என்று கையேட்டில் ஓர் அளவு இருக்கிறது. இடதுபக்கம் அந்த அளவுக்கு வெகு கீழே. வலதுபக்கம் அளவுக்குள், கீழ் எல்லையை ஒட்டி.

திறந்தபோது சீல் கிழிந்து தண்ணீர் போய், கிரீஸ் பழுப்பாகக் குழம்பியிருந்தது. கீழ் பேரிங்கின் கிண்ணத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். வரிசையாகச் சின்னச் சின்னப் பள்ளம்.

பிரேக் கதை வேறு. டிஸ்க் சூட்டில் வளைந்துவிட்டது என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவர் டிஸ்க்கைக் கழற்றி அதன் பின்னால் ஹப்பின் முகத்தில் இருந்த துருவைக் காட்டினார். அந்த மெல்லிய துரு டிஸ்க்கை நேராக உட்காரவிடவில்லை. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடம் பேடில் உரசி, அந்த இடம் மட்டும் தேய்ந்து, டிஸ்க்கின் தடிமன் இடத்துக்கு இடம் மாறிவிட்டது. மைக்ரோமீட்டரை எட்டு இடத்தில் வைத்து அளந்தார். வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு, அவ்வளவுதான். காலுக்குத் துடிப்பாகத் தெரிய அது போதும். கூடவே காலிபர் நகரும் ஊசி ஒன்று துருப்பிடித்து இறுகி, உள்பேடு மட்டும் பாதியாகத் தேய்ந்திருந்தது. பிரேக் ஆயிலையும் மாற்றினார். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 ஆயிலுக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 205 டிகிரி, ஈரம் ஏறினால் 140 வரை இறங்கலாம். நம் ஊர் ஈரத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஓட்டிப் பார்த்தார். பிரேக் நடுக்கம் போனது. நாலாவது நாள் அந்தத் தடிமனான டாம்பரைக் கழற்றிவிட்டு ஞாயிறு விடிகாலையில் விரைவுச்சாலைக்குக் கிளம்பினார். நானும் ஏறப்போனேன்.

"நீங்க வேணாம் தம்பி."

டாம்பர் இருந்தால் உண்மை தெரியாது. டாம்பர் இல்லாவிட்டால், கணிப்பு தவறாக இருந்தால், ஆட்டம் முழு பலத்தோடு வரும். சாலை காலியாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுத்து, ஆள் யாரையும் ஏற்றாமல் அவர் போனார். நான் முகப்பில் நின்று அவர் திரும்பும்வரை காத்திருந்தேன். திரும்பி வந்துதான் முதலில் சொன்ன அந்த வார்த்தையைச் சொன்னார். எழுபத்திரண்டில் இணைப்பின்மேல் ஏறும்போது ஸ்டியரிங் இரண்டு மூன்று முறை ஆடுகிறது, பிறகு தானாக நின்றுவிடுகிறது. முன்பு வளர்ந்த ஆட்டம் இப்போது தேய்கிறது. மிச்சம் இருப்பது வலது கிங்பின்னாக இருக்கலாம், புஷ்ஷாக இருக்கலாம், டயர் பழசானதாகவும் இருக்கலாம். மூன்றையும் அவர் இன்னும் பார்க்கவில்லை.

"நோய் நாடி" என்று தொடங்கும் குறள் உங்களுக்கு இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும். அதை இங்கே இழுக்க வேண்டாம். எனக்கு நினைவுக்கு வந்தது வேறொருவர், டபிள்யூ. கே. கிளிஃபர்ட் என்ற ஆங்கிலக் கணிதவியலாளர். 1877இல் நம்பிக்கையின் அறம் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி. கப்பல் பழையது, அடிக்கடி பழுதானது, நாடுவிட்டுப் போகும் ஏழைக் குடும்பங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பவிருக்கிறது. அவருக்குச் சந்தேகம் வருகிறது. இத்தனை பயணம் பத்திரமாகப் போய்வந்ததே, கடவுள் பார்த்துக்கொள்வார் என்று மனசைத் தேற்றிக்கொள்கிறார். தேறியும் விடுகிறார். கப்பல் மூழ்குகிறது, காப்பீட்டுப் பணம் வருகிறது. அவர் உண்மையாகவே நம்பினார் என்பது அவரைக் காப்பாற்றாது, ஏனென்றால் அந்த நம்பிக்கை விசாரித்துச் சம்பாதித்தது இல்லை, சந்தேகத்தை அமுக்கிச் சம்பாதித்தது என்கிறார் கிளிஃபர்ட். 1870இல் சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில் சிசிலிக் கரையருகே கப்பல் உடைந்து உயிர்தப்பியவர் அவர்.

கல்லூரியில் இதைப் படித்தபோது அந்த முதலாளி எனக்கு ஒரு வில்லன். இப்போது அவரை நன்றாகத் தெரியும். சந்தேகத்தை அமுக்குவது என்றால் பெரிய சூழ்ச்சி எதுவும் இல்லை. எழுபதுக்கு மேல் போகாமல் இருப்பதுதான். இணைப்பு வரும்போது பேச்சை நிறுத்துவதுதான். கிளிஃபர்ட் இன்னொன்றும் சொல்கிறார், அதுதான் குத்துகிறது: கப்பல் பத்திரமாகக் கரை சேர்ந்திருந்தாலும் அவர் குற்றம் ஒரு துளியும் குறையாது. கோத்தா திங்கி போய்ப் பத்திரமாகத்தான் திரும்பினோம்.

பழுது பார்த்து முடித்த வாரம் நண்பன் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். அவன் சிரித்தான். "அதான் ஒண்ணும் ஆகலையே, விடுடா." அவன் மனைவி சிரிக்கவில்லை. தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, அப்பவே உங்களுக்குச் சந்தேகம் இருந்துச்சா?" என்று கேட்டார். இருந்தது என்றேன். "சொல்லியிருந்தா நாங்க பஸ்ல வந்திருப்போம்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் மகளின் பள்ளியைப் பற்றிப் பேசினோம்.

கிளிஃபர்டுக்கு வில்லியம் ஜேம்ஸ் 1896இல் பதில் எழுதினார். சான்று வரும்வரை காத்திருந்தால் வாழவே முடியாத இடங்கள் உண்டு, அங்கே நம்பித் துணிய மனிதனுக்கு உரிமை உண்டு என்றார். இதிலும் நியாயம் இருக்கிறது. நாம் ஏறும் எந்த பஸ்ஸின் பிரேக்கையும் யாரும் அளந்து பார்த்துவிட்டு ஏறுவதில்லை. அண்ணனும் மூன்று விஷயங்களைப் பார்க்காமல்தான் வண்டியைக் கொடுத்தார். ஆனால் ஜேம்ஸ் வேறொரு கட்டுரையில் காட்டும் மலையேறியைப் பாருங்கள். பள்ளத்தைத் தாண்டிக் குதித்தால்தான் பிழைப்பான், குதிக்கத் தன்மேல் நம்பிக்கை வேண்டும். விழுந்தால் விழுவது அவன் ஒருவன். அவனுக்குப் பின்சீட் கிடையாது.

இதை அண்ணனிடம் வேறு வார்த்தையில் கேட்டேன், ஏன் இவ்வளவு பிடிவாதம் என்று. பட்டறைக்குள் நின்ற லாரியைக் கைகாட்டினார். சிங்கப்பூரில் லாரியின் பின்தட்டில் தொழிலாளர்களை ஏற்றிச்செல்ல, சில நிபந்தனைகளோடு, சட்டம் இடம் தருகிறது. காலையில் விரைவுச்சாலையில் போகும் எல்லோரும் அவர்களைப் பார்த்திருக்கிறோம். பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

"நானும் மூணு வருசம் அப்படித்தான் போனேன். முன்னாடி உக்காந்திருக்கவனுக்கு ஸ்டியரிங் ஆடுனா தெரியும். முதலாளிக்கு பில்லைப் பாத்தா தெரியும். பின்னாடி இருக்கவனுக்கு என்ன தெரியும்? அவன்கிட்ட யாரும் கேக்கவும் மாட்டாங்க, சொல்லவும் மாட்டாங்க."

காரணத்தை முழுக்க அறியாமல் வண்டி ஓட்டக் கூடாது என்றால் யாரும் ஓட்ட முடியாது. நான் செய்த பிழை அறியாமை இல்லை. எனக்கு எவ்வளவு தெரியும், எங்கே தெரியாது என்பதை என் கையும் காலும் அறிந்திருந்தன. அதைப் பின்சீட்டுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர்களும் ஜேம்ஸின் மலையேறிபோலத் தங்கள் துணிவைத் தாங்களே முடிவு செய்திருப்பார்கள். அண்ணன் என்னை அன்று ஏற்றவில்லை. ஏன் ஏற்றவில்லை என்று எனக்குத் தெரியவும் செய்தது. எனக்கும் அவருக்கும் அன்றைக்கு இருந்த அறிவில் பெரிய வித்தியாசம் இல்லை என்றுகூட நினைக்கிறேன். ஆனாலும் இதில் எனக்கு ஒரு நெருடல் இருக்கிறது. அந்த விடிகாலையிலும் சாலை முழுக்கக் காலியாக இருந்திருக்காது. பக்கத்துத் தடத்தில் போனவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. அண்ணனிடம் இதைக் கேட்டபோது, "கேக்க முடியாது தம்பி, அதான் அஞ்சு மணிக்குப் போனேன்" என்றார். அதற்குமேல் அவரிடமும் பதில் இல்லை.

வண்டியை விற்க முடிவு செய்தேன். ஆண்டு ஆய்வில் அது பாஸாகியிருந்தது. பத்து வயது தாண்டிய கார்களுக்கு ஆண்டுதோறும் ஆய்வு உண்டு. உருளைமேல் சக்கரத்தை ஏற்றி, இடதும் வலதும் எவ்வளவு பலமாகப் பிடிக்கிறது என்று நடை வேகத்தில் அளப்பார்கள். சான்றிதழில் ஒரு பொய்யும் இல்லை. எழுபத்திரண்டில் மேம்பாலத்து இணைப்பில் என்ன ஆகும் என்று அதை யாரும் கேட்கவில்லை, அது சொல்லவும் இல்லை. அந்தத் தாளை மட்டும் நீட்டினால் போதும்; வாங்குகிறவர் மிச்சத்தைத் தானே நம்பிக்கொள்வார். சொல்லக் கூச்சம்தான், இரண்டு நாள் அப்படித்தான் செய்வதாக இருந்தேன்.

பார்க்க வந்தவர் என்னைவிடச் சின்னவர். மனைவியும் கூட வந்திருந்தார். வண்டியைச் சுற்றிவந்து, பானெட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எப்படி ப்ரோ, ப்ராப்ளம் ஒண்ணும் இல்லல?" என்றார். நான் ஒரு தாளைக் கொடுத்தேன். என்ன மாற்றினோம், எதை அளந்தோம், எது அளவின் விளிம்பில் இருக்கிறது, எதைத் திறக்கவே இல்லை என்று எழுதியிருந்தேன். பெரிய டாம்பரைக் கழற்றிவிட்டுப் பழைய அளவிலேயே ஒன்று போட்டிருப்பதையும். அவர் படித்தார். மனைவி அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தார். "அப்போ விலையைக் கொஞ்சம் கொறைங்க" என்றார் அவர் மனைவி. குறைத்தேன், நான் நினைத்திருந்ததைவிட அதிகமாகவே.

"ஓட்டிப் பாக்கலாமா?"

அவர் ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். மனைவி கொஞ்சம் யோசித்து, நான் இங்கேயே நிற்கிறேன் என்று தொழிற்பேட்டை முகப்பில் இறங்கிக்கொண்டார். விரைவுச்சாலையில் ஏறினோம். அறுபது. எழுபது. தூரத்தில் மேம்பாலம் தெரிந்தது. அவர் பாட்டை நிறுத்தினார்.

"அங்கயா?"

"அங்கதான்."

இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார்.